கோல்கொண்ட் விடுதி: எதை எடுத்துக்கொள்ளலாம், எதை அங்கேயே விட்டுவிடலாம்

புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதியான கோல்கொண்டைப் பற்றிக் கட்டடக்கலை மாணவர்கள் போடும் கேஸ் ஸ்டடி ஷீட்டுகள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும். முகப்பின் படம் ஒன்று, அதில் வரிவரியாக லூவர் பலகைகள், அதாவது வெயிலைத் தடுத்துக் காற்றை விடும் கிடைமட்டச் சட்டங்கள். பக்கத்தில் காற்று நுழைவதுபோல நாலைந்து நீல அம்புக்குறிகள். கீழே "காலநிலைக்கு ஏற்ற வடிவமைப்பு" என்று ஒரு வரி. அப்புறம் அதே மாணவர் தன்னுடைய டிசைனில், மேற்கு பார்த்த கண்ணாடிச் சுவருக்கு வெளியே அதே பலகைகளை அசையாதபடி பொருத்தி வைத்திருப்பார். மதிப்பீட்டு ஜூரியில் கேட்டால், "கோல்கொண்ட் இன்ஸ்பிரேஷன் சார்" என்பார். மாணவர்களை மட்டும் குறை சொல்வானேன், தொழிலில் இருக்கும் நாங்களும் இதைத்தான் செய்கிறோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒருமுறை போய்வந்தாலே எத்தனையோ முகப்புகளில் பார்க்கலாம்.

இந்த ஆய்வுக்குக் காரணம் ஒரு வேலை. கடலூரில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றை வடிவமைக்கும் பொறுப்பு எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. மூன்று தளம். மனையும் பணமும் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவருடையது. புதுச்சேரிக்குத் தெற்கே, அதே கடல், அதே உப்புக்காற்று, அதே ஐப்பசி மழை. பயன்பாடும் ஒன்றுதான்: பலர் தனித்தனி அறைகளில் தங்கும் இடம். இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி கிடைக்காது என்பதால் கோல்கொண்டை உட்கார்ந்து படித்தோம். முகப்பை ஒதுக்கிவைத்துவிட்டு, கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டும் வரைபடமான செக்‌ஷனிலிருந்து தொடங்கினோம்.

கட்டடம் வந்த கதை

அரவிந்தர் ஆசிரமத்துச் சாதகர்கள் தங்குவதற்காக எழுந்த கட்டடம் அது. வடிவமைத்தவர் அந்தோனின் ரேமண்ட். இன்றைய செக் நாட்டில் 1888-இல் பிறந்தவர். அமெரிக்கா போய், ஃபிராங்க் லாய்ட் ரைட்டிடம் வேலை பார்த்து, டோக்கியோ இம்பீரியல் ஹோட்டல் வேலைக்காக அவருடன் ஜப்பானுக்குப் போனவர். பிறகு ரைட்டை விட்டுப் பிரிந்து டோக்கியோவிலேயே அலுவலகம் போட்டார். 1920-களின் நடுவில் தனக்கென்று அங்கே கட்டிக்கொண்ட வீடு, பூச்சில்லாத கான்கிரீட்டை வெளியே காட்டிய ஆரம்பகால வீடுகளில் ஒன்று. மனைவி நோயெமி ரேமண்டும் வடிவமைப்பாளர். பல வேலைகளில் உள்ளமைப்பும் மரச்சாமானும் துணியும் அவர் கையால் வந்தவை. ரேமண்டைப் பற்றி எழுதும்போது நோயெமியை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது.

ஆசிரமத்தில் இருந்த பவித்ரா என்ற பிரெஞ்சுப் பொறியாளருக்கு (இயற்பெயர் பிலிப் பார்பியே சேன்ட்-ஹிலேர்) ரேமண்டை ஜப்பானிலேயே தெரியும். அந்தத் தொடர்பில் அழைப்பு போனது. 1930-களின் நடுவில் டோக்கியோவில் வரைபடங்கள் தயாராயின. வேலையைக் களத்தில் பார்த்துக்கொள்ள அலுவலகத்திலிருந்து ஜார்ஜ் நகாஷிமா என்ற இளைஞர் வந்தார். ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர், பின்னாளில் மரச்சாமான் செய்வதில் உலகப் புகழ் பெற்றவர். அவரோடு ஃபிரான்டிஷெக் சாமர் என்ற செக் கட்டடக்கலைஞர், பாரிஸில் லெ கொர்புசியேயிடம் வேலை பார்த்தவர். நகாஷிமா வந்த இடத்தில் ஆசிரமவாசியாகவே ஆகிவிட்டார். சுந்தரானந்தா என்ற பெயரும் கிடைத்தது. ரேமண்ட் குடும்பம் 1938-இல் வந்து சில மாதங்கள் தங்கிப்போனது.

பணத்தில் பெரும்பங்கு ஹைதராபாத் நிஜாம் தந்த ஒரு லட்சம் ரூபாய். நிஜாமின் நிர்வாகத்தில் உயர்பதவியில் இருந்த அக்பர் ஹைதரி மூலமாக வந்தது. நன்றிக்கடனாகத்தான் கோல்கொண்டாவின் பெயர். 1937-இல் வேலை தொடங்கியது. நடுவில் உலகப்போர். முழுதாக முடிய 1940-களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. நம் நாட்டில் வார்த்த கம்பிக் கான்கிரீட்டை மறைக்காமல் அப்படியே காட்டிய முதல் சில கட்டடங்களில் இதுவும் ஒன்று. சண்டிகர் நகரை வடிவமைக்க லெ கொர்புசியே வருவதற்கு முன்பே கோல்கொண்டில் ஆட்கள் குடியேறிவிட்டார்கள். ஆனாலும் நம் பாடத்திட்டத்தில் நவீனக் கட்டடக்கலை சண்டிகரில்தான் பிறக்கிறது.

சூரியன் எங்கே நிற்கிறது

புதுச்சேரி ஏறக்குறைய 12 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 20-ஐ ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் 20-ஐ ஒட்டி மறுமுறை, நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட நான்கு மாதம் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம். ஆனால் மிக உயரத்தில் இருப்பதால் (ஜூனில் கிட்டத்தட்ட 78 பாகை) ஒரு சின்ன சன்ஷேட் போதும். டிசம்பரில் தெற்கே சாய்ந்து 55 பாகையில் நிற்கும். அதையும் கிடைமட்டப் பலகைகள் தடுத்துவிடும். தடுக்கவே முடியாதது காலைக் கிழக்கும் மாலை மேற்கும்தான். சாய்ந்து வரும் வெயிலைக் கிடைமட்ட லூவரால் மறைக்க வேண்டுமென்றால் முழுக்க மூட வேண்டும். மூடினால் காற்று போச்சு.

கோல்கொண்டின் பிளானைப் பார்த்தால் இந்தக் கணக்கு அப்படியே தெரியும். படிக்கட்டில் இணையும் இரண்டு நீளமான சிறகுகள். நீளப்பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. கிழக்கு மேற்கு முனைகள் குறுகலானவை, அங்கே திறப்புக்குப் பெரிய வேலையில்லை. லூவர் வருவது நீளப்பக்கங்களில் மட்டும். திசை சரியாக அமைந்த பிறகுதான் லூவருக்கு அர்த்தம் வருகிறது. அந்த வரிசையைத் தலைகீழாக்கி முகப்பிலிருந்து தொடங்குவதுதான் நகல்கள் எல்லாம் கவிழும் இடம்.

இதே கணக்கை வேறு விதமாகத் தீர்த்த கட்டடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. அகமதாபாத்தில் லெ கொர்புசியே 1954-இல் முடித்த ஆலை உரிமையாளர் சங்கக் கட்டடம், ஒருபுறம் சாலையையும் மறுபுறம் சபர்மதி ஆற்றையும் பார்க்க வேண்டும். எனவே திறப்புகள் மேற்கிலும் கிழக்கிலும்தான். சாலையைப் பார்த்த மேற்கில் கான்கிரீட் பலகைகளைச் செங்குத்தாக, வெயிலுக்கு முகம் திருப்பி, சாய்வாக நிறுத்தினார். சரியான விடைதான். ஆனால் கனமான கான்கிரீட் பகலில் வாங்கிய சூட்டை இரவில் திருப்பிக் கொடுக்கும். அகமதாபாத்தில் காற்று உலர்ந்தது, அதுவும் பகலில் மட்டும் இயங்கும் அலுவலகம், சமாளித்துவிடலாம். எங்கள் கடற்கரையில், ஈரக்காற்றில், இரவில் தூங்க வேண்டிய அறைக்கு அது ஆகாது. கோல்கொண்டின் மெல்லிய பலகைகள் சூட்டைச் சேர்த்து வைப்பதில்லை. இரண்டையும் "சன் பிரேக்கர்" என்று ஒரே தலைப்பில் போட்டுவிடுவதால் இந்த வேறுபாடு ஷீட்டுகளில் தொலைந்துவிடுகிறது.

செக்‌ஷன்

செக்‌ஷனை வெளியிலிருந்து உள்ளே படித்தால் இப்படி வரும். முதலில் தோட்டம். அடுத்து வெளிச்சுவருக்குப் பதிலாக, தளத்துக்குத் தளம் அசையும் லூவர், கண்ணாடி கிடையாது. அதற்குள் நடைவழி, அதையும் தாண்டி தேக்குச் சட்டங்களால் ஆன சறுக்குக் கதவு. சட்டங்கள் முன்னும் பின்னுமாக விலகி அமைந்திருப்பதால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது, காற்று மட்டும் போகும். கதவுக்குப் பின்னால் அறை. அறையின் மறுபுறமும் லூவர், அதற்கு வெளியே இன்னொரு தோட்டம். ஒரு பக்கம் மட்டும் அறைகள் என்பதால் ஒவ்வொரு அறைக்கும் இரண்டு பக்கமும் காற்று. நடுவில் நடைவழி வைத்து இருபுறமும் அறை போட்டிருந்தால், உலகத்திலேயே சிறந்த லூவரைப் பொருத்தினாலும் பாதி அறைகள் புழுங்கியிருக்கும்.

வடக்கே அடர்ந்த நிழல் தோட்டம், தெற்கே அவ்வளவு அடர்த்தி இல்லை. இரண்டுக்கும் உள்ள வெப்ப வேறுபாடுதான் காற்றை இழுக்கிறது என்ற விளக்கத்தைப் பல இடங்களில் படிக்கலாம். அது பொய்யில்லை. ஆனாலும் என் கணிப்பில் கடற்கரையில் பெரும் வேலையைச் செய்வது மத்தியானத்துக்கு மேல் வரும் கடற்காற்றுதான். தோட்டத்தின் பங்கு, லூவருக்கு வந்துசேரும் காற்றைச் சுடுதரையில் காய்ச்சாமல் அனுப்புவது. இதையும் குறைத்து மதிப்பிட முடியாது. லூவருக்கு வெளியே முழுக்க பேவர் பிளாக் பதித்து கார் நிறுத்திவிட்டு, உள்ளே அனல் அடிக்கிறது என்று புலம்பும் கட்டடங்கள் ஏராளம்.

அடுத்தது கூரை. சூரியன் தலைக்கு மேல் நிற்கும் ஊரில் அதிகச் சூடு வாங்குவது மொட்டை மாடிதான். ரேமண்ட் தட்டைத் தளத்துக்கு மேலே, முன்கூட்டியே வார்த்த வளைந்த கான்கிரீட் ஓடுகளை இடைவெளி விட்டு வரிசையாகக் கவிழ்த்தார். மேல் ஓடு வெயிலை வாங்கிக்கொள்ளும், இடையில் காற்று ஓடும், கீழ்த்தளம் நிழலில் இருக்கும். நம் ஊரில் செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டுத் தட்டோடு பதிப்பது பழைய வழக்கம். அது சூட்டைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். சாயங்காலம் ஏழு மணிக்கு அது கீழே இறங்கிவரும், ஆட்கள் வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் நேரம் பார்த்து. இரட்டைக் கூரை சூட்டைத் தளத்துக்கு வரவிடாமலே செய்கிறது. கோல்கொண்டிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நான் கூரையைத்தான் எடுப்பேன். முகப்புப் படங்களில் அது தெரிவதே இல்லை. யாரும் அதை நகலெடுக்காததற்கும் அதுதான் காரணம்.

உள்ளே வெளிச்சம் குறைவு. லூவர் வைத்தால் அதுதான் விலை. அதை ஈடுகட்டுவது தரையும் சுவரும். மெருகேற்றிய கறுப்புக் கடப்பைக் கல், மேலே செட்டிநாட்டுப் பாணியில் தேய்த்துப் பளபளப்பாக்கிய வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு. பலகைகளின் இடுக்கில் வரும் ஒளிக்கீற்று தரையில் வழுக்கிச் சுவரில் ஏறும். கறுப்புத் தரை வெளிச்சத்தை விழுங்கிவிடுமே என்று தோன்றலாம். மெருகு போட்ட கல்லில் சாய்வாக விழும் ஒளி நன்றாகவே எதிரொளிக்கும், கண்ணையும் கூசாது.

லூவர் என்பதும் வெளிநாட்டுச் சரக்கு என்று தள்ளத் தேவையில்லை. புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதி வீடுகளில் சட்டம் போட்ட மர ஜன்னல்கள் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தன. ரேமண்ட் செய்தது, ஜன்னலளவில் இருந்ததைச் சுவரளவுக்குப் பெரிதாக்கியது. சறுக்குக் கதவில் ஜப்பானிய வீட்டின் கை தெரிகிறது. ஒரு கட்டடக்கலைஞரைப் படிப்பது என்றால், எதை எங்கிருந்து எடுத்து எப்படி மாற்றினார் என்று பார்ப்பதுதான் எனக்குப் பயனுள்ளதாகத் தெரிகிறது.

ஆளைப் படிப்பது

ரேமண்டின் மற்ற வேலைகளையும் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். கோல்கொண்டுக்குப் பிறகு அமெரிக்கா திரும்பியவர், 1943-இல் யூட்டா மாநிலத்து டக்வே பாலைவனத்தில் ஒரு ஜப்பானியக் கிராமத்தின் மாதிரியை அமெரிக்க ராணுவத்துக்கு வடிவமைத்துக் கொடுத்தார். தீக்குண்டுகள் ஜப்பானிய மரவீடுகளை எவ்வளவு வேகமாக எரிக்கும் என்று சோதிப்பதற்கு. ஜப்பானிய வீட்டின் பாயும் மரச்சட்டமும் எப்படிப்பட்டவை என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அங்கே அதிகம் இல்லை. அதே 1943-இல்தான், ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக ஐடஹோ முகாமில் அடைக்கப்பட்டிருந்த நகாஷிமாவைத் தன் பொறுப்பில் வெளியே எடுத்துத் தன் பண்ணையில் குடியமர்த்தினார். இரண்டையும் செய்தது ஒரே ஆள். இதில் தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை. மேதைகளின் வரிசையில் ஒரு படத்தை மாட்டிவிட்டு நகர்ந்துபோகும் பழக்கம்தான் எனக்கு ஒவ்வாதது.

எந்தச் சூழலில் அது சாத்தியமாயிற்று

கெடுவோ செலவு வரம்போ எழுதிய ஒப்பந்தம் இல்லாத வேலை அது என்று ரேமண்டே பின்னாளில் எழுதியிருக்கிறார். கூலியாட்களோடு சேர்ந்து, கட்டட வேலையே தெரியாத சாதகர்களும் உழைத்தார்கள். கதவு, லூவர் ஆகியவற்றுக்கான பித்தளைப் பொருத்துகளுக்குச் சாதகர்கள் கொடுத்த பாத்திரங்களை உருக்கி வார்த்தார்கள். வளைந்த ஆணியைக்கூட நிமிர்த்தித் திரும்பப் பயன்படுத்தினார்கள், கருவிகளை எண்ணி வாங்கி எண்ணி வைத்தார்கள். ஆசிரமத்தை நடத்திய அன்னை ஒவ்வொன்றையும் கவனித்தார். கட்டி முடித்த பிறகும் அதே கவனிப்பு. அறையை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று தங்குபவர்களுக்குக் கண்டிப்பான விதிகள் உண்டு. இன்றும் அனுமதி பெற்றுத்தான் உள்ளே போக முடியும்.

உப்புக்காற்றில் ஒரு கான்கிரீட் கட்டடம் எண்பது ஆண்டுகளுக்கு மேல் நிற்பதற்கு இந்தப் பராமரிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 விதிப்படி கடலோரச் சூழல் கடுமையானது. கம்பியை மூடும் கான்கிரீட் (கவர்) 45 மில்லிமீட்டர், குறைந்தது எம்-30 என்ற வலிமைத் தரக் கான்கிரீட். விதி இருந்தும், பதினைந்து வருடத்தில் சன்ஷேட் பெயர்ந்து கம்பி பல்லிளிக்கும் கட்டடங்களைக் கடலூரில் தெருவுக்குத் தெரு காட்டலாம். அந்த இடைவெளிக்கான கவர் பிளாக் வைக்காமல் கல்லை வைத்து முட்டுக் கொடுத்த வேலைகள் அவை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: கோல்கொண்டின் பலகைகள் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சிமென்டில் செய்தவை. அந்தக் காலத்தில் அது லேசான, மலிவான, கறையான் அரிக்காத நல்ல பொருள். இப்போது அதன் தூசி நுரையீரலை என்ன செய்யும் என்று தெரியும். நம் நாட்டில் கல்நார் சிமென்ட் ஷீட் இன்னும் கடையில் கிடைக்கிறது என்பதற்காக அதை அறுத்துப் பலகை செய்ய யாரும் இறங்கிவிடக் கூடாது.

கடலூர் மனைக்குத் திரும்பினால்

மனை 40 அடிக்கு 110 அடி, சாலை மேற்கில். நீளப்பக்கங்கள் தாமாகவே வடக்கும் தெற்குமாக அமைந்துவிட்டன. அது எங்கள் அதிர்ஷ்டம். பக்கவாட்டில் விட வேண்டிய காலியிடம் (செட்பேக்) போக 30 அடி அகலம் கிடைக்கும். யார் வரைந்தாலும் முதலில் வரும் பிளான்: இருபுறமும் 12 அடி அறைகள், நடுவில் 6 அடி நடைவழி. தளத்துக்கு 12 அறை, அறைக்கு இருவர், மூன்று தளத்துக்கு 72 பேர். கோல்கொண்ட் செக்‌ஷன்படி போனால் ஒரு பக்கம் மட்டும் அறை. அறையின் ஆழத்தை 16 அடியாக்கி மூன்று கட்டில் போட்டோம். தளத்துக்கு 6 அறை, மொத்தம் 54 பேர். நடைவழிக்கு 5 அடி. மிச்சத்தைச் செட்பேக்கோடு சேர்த்தால் வடக்கே மரம் வைக்க இடம் கிடைக்கும்.

"கால்வாசி வாடகை போயிடுமே தம்பி" என்றார் டீச்சர். நியாயமான கேள்வி.

"போகும் டீச்சர். ஆனா பன்னெண்டு ரூம்ல ஆறு ரூமுக்குத்தான் கடக்காத்து வரும். மத்த ஆறும் வெந்துபோகும்" என்றேன்.

அவர் பதில் சொல்லாமல் பிளானையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஆசிரியப் பயிற்சிக்காகத் தான் தங்கிய விடுதியில் நடைவழி நடுவில் இருந்ததையும், அங்கே பட்டப்பகலில் குண்டு பல்பு எரிந்ததையும் சொன்னார். வாதாடி நான் வென்றதாகச் சொல்ல முடியாது. அந்தப் பல்புதான் வென்றது. ஆனாலும் 54 என்ற எண்ணுக்கு வங்கிக் கடன் கணக்கு ஒத்துவருமா என்று பார்த்த பிறகே சம்மதித்தார். கோல்கொண்டில் யாரும் வாடகைக் கணக்கு போடவில்லை. எங்கள் வேலையில் அதுதான் முதல் கணக்கு.

அறைகள் தெற்கே, நடைவழி வடக்கே. தென்கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று முதலில் அறையைத் தொடும். வடகிழக்குப் பருவமழை முதலில் நடைவழியில் அடிக்கும், அறை நனையாது. மேற்கு முனையில், சாலையைப் பார்த்து, படிக்கட்டும் கழிப்பறைகளும். சாலைப் பக்கம் முகப்பு மொட்டையாக இருக்கிறதே என்று டீச்சரின் மகனுக்கு வருத்தம். பெயர்ப்பலகையைப் பெரிதாக வைத்துச் சமாதானம் செய்திருக்கிறோம்.

நடைவழியின் வெளிப்புறத்துக்கு லூவர் வேண்டாம் என்று முடிவு செய்தோம். அங்கே யாரும் நின்று அதைத் திறந்து மூடப் போவதில்லை. இந்த இடத்தில் கோல்கொண்டை விட்டுவிட்டு கட்டடக்கலைஞர் லாரி பேக்கரிடம் போனோம். திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தில் 1970-களில் அவர் கட்டிய செங்கல் ஜாலிச் சுவர்களில் (இடைவெளி விட்டுக் கட்டியவை) அசையும் பாகமே கிடையாது. கெட்டுப்போக ஒன்றுமில்லை, ஆள் வைத்துப் பார்க்கவும் வேண்டாம். ஒரு கட்டடத்தைப் படித்து இன்னொன்றை வடிவமைக்கும்போது, படித்ததற்கே விசுவாசமாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

அறையின் தெற்குப் பக்கம் மட்டும் அசையும் லூவர், அதுவும் மூன்றடிக் கட்டைச்சுவருக்கு மேலே. பெண்கள் விடுதி என்பதால் உள்ளே கிரில், அதற்கும் உள்ளே கழற்றிக் கழுவக்கூடிய கொசுவலை. வலை காற்றைக் கொஞ்சம் குறைக்கத்தான் செய்யும். அதற்காகத் திறப்பின் அகலத்தைக் கூட்டினோம்.

பலகைக்கு அலுமினியம். மரம் ஆசைதான், ஆனால் வருடாவருடம் எண்ணெய் போட யாரும் இல்லை. உள்ளூர் ஃபேப்ரிகேட்டர் ஒருவரிடம் ஒரு ஜன்னலளவில் மாதிரி செய்யச் சொன்னோம். 150 மில்லிமீட்டர் அகலப் பலகை, ஒன்றன்மேல் ஒன்று 25 மில்லிமீட்டர் ஏறி மூடும்படி. இணைப்புக் கம்பிக்கு இரும்பைப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பட்டறைப் பையன் அதைப் பார்த்ததுமே, "அண்ணே, ஒரு மழைக்காலம் தாங்காது, பலகை சுத்துற பிவட்ல உப்பு ஏறி இறுகிடும்" என்றான். அவர் அவனை முறைத்தார். ஆனால் பையன் சொன்னது சரி. 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் நைலான் புஷ்ஷுமாக மாற்றினோம். பித்தளை இன்னும் நல்லதுதான், உருக்க எங்களிடம் பாத்திரம் இல்லை.

மாதிரியை மூடி வைத்து ஹோஸ் பைப்பில் வேகமாகத் தண்ணீர் அடித்துப் பார்த்தோம். பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் ஒழுகவில்லை. இரு ஓரங்களிலும், பலகையின் முனைக்கும் நிலைச்சட்டத்துக்கும் நடுவே இருந்த விரற்கடை இடைவெளியில், தண்ணீர் கோடாக இறங்கி உள்ளே வந்தது. முனைகள் உள்ளே புதையும்படி நிலைச்சட்டத்திலேயே ஒரு பள்ளம் எடுத்து, அடியில் தண்ணீர் வெளியேறத் துளை வைத்த பிறகு நின்றது. கட்டைச்சுவரின் மேல்மட்டத்தில் உள்பக்கமாக ஓர் அங்குலம் விளிம்பு தூக்கி, வெளிப்பக்கம் சாய்வும் கொடுத்தோம். அறையில் தூங்குபவருக்கு இதெல்லாம்தான் லூவர்.

"தானே அடிச்சப்போ என் ஷெட்டு ஷீட்டு மூணு தெரு தள்ளிக் கிடந்துச்சு சார்" என்று ஃபேப்ரிகேட்டர் நினைவுபடுத்தினார். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய புயல். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புதுச்சேரியை வெள்ளக்காடாக்கியது. பலகையின் நீளத்தை 900 மில்லிமீட்டருக்கு மேல் போகவிடாமல் நடுவில் செங்குத்துச் சட்டம் கொடுத்தோம். நீளப் பலகை அழகுதான், புயலில் விசிறியாகிவிடும்.

சட்டமிட்ட தேக்குக் கதவை எடுத்துக்கொள்ள முடியவில்லை. எனக்கு மிகவும் பிடித்த பாகம் அது. கோல்கொண்டில் அமைதி ஒரு விதி. தாழ்ந்த குரலில் பேசுபவர்கள் வாழும் இடத்தில் சத்தத்தைத் தடுக்காத கதவு பிரச்சினையில்லை. எங்கள் விடுதியில் ஒருத்தி வீட்டாரோடு போனில் பேசுவாள், அடுத்த அறையில் இரவுப்பணி முடித்த நர்ஸ் பகலில் தூங்குவாள். எனவே கதவு கெட்டியான மரம். அதற்கு மேலே, தளத்தைத் தொடும்வரை, மூடித் திறக்கும் சட்டப்பலகை. காற்று தலைக்கு மேலே கடந்துபோகும். ஆள் மட்டத்தில் வீசுவதைவிடக் கொஞ்சம் குறைச்சல்தான், மின்விசிறி ஈடுகட்டும்.

கூரையை மட்டும் விடவில்லை. வளைந்த ஓடு வார்க்க அச்சு செய்யும் செலவு கட்டுப்படியாகாது. அதற்குப் பதிலாக, தட்டோடு பதித்த தளத்துக்கு மேலே ஓரடி உயரத்தில் செங்கல் கட்டைகள் வைத்து, கம்பிவலையில் சிமென்ட் பூசிச் செய்த, வெள்ளையடித்த ஃபெரோசிமென்ட் பலகைகளை இடைவெளி விட்டு அடுக்குகிறோம். கைப்பிடிச் சுவரில் கிழக்கிலும் தெற்கிலும் துளைகள், அப்போதுதான் இடையில் காற்று ஓடும். துணி உலர்த்த இடம் போய்விடுமே என்று டீச்சர் கேட்டார். மாடியில் கால்பங்கை அதற்கு ஒதுக்கினோம், படிக்கட்டுக்கு மேலே வரும் பகுதியை.

வரைபடங்கள் முடியும் தறுவாயில், சில அறைகளுக்காவது ஏசி வேண்டும் என்றார் டீச்சரின் மகன். லூவர் அறையில் ஏசி போட்டால் பாதிக் குளிர்ச்சி வெளியே போகும், கரண்ட் பில்தான் உள்ளே வரும். எல்லா அறைக்கும் பொருந்தும் ஒரே முகப்பு என்ற ஆசையை அங்கே விட்டோம். ஒவ்வொரு தளத்திலும் படிக்கட்டை ஒட்டிய ஒரு அறைக்கு மட்டும் லூவர் இல்லை. ரப்பர் பீடிங் வைத்த சாதாரண ஜன்னல், மேலே சன்ஷேட், கதவுக்கு மேலே நிலையான கண்ணாடி. அந்த மூன்று அறைகளுக்குத் தனி மீட்டர். வாடகை எவ்வளவு கூட்டுவது என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.